இரண்டாவது முள்

எங்கள் படகின் ஆயில் பிரஷர் மீட்டர் செத்துப்போனதும் என் சகலை செய்த முதல் காரியம், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கடைக்குப் போய்ப் புது மீட்டர் வாங்கி வந்தது. அப்போதே எனக்குப் பொறி தட்டிவிட்டது. படகு கூட்ட ஒரு துடைப்பம் வாங்கவேண்டும் என்றால்கூடப் பத்து பேரிடம் யோசனை கேட்கிற மனிதர் அவர். அவருக்கு ஏன் திடீரென்று இவ்வளவு சுறுசுறுப்பு?

எங்கள் படகு என்று சொல்வதெல்லாம் பேச்சுக்குத்தான். மாமனார் விவரமானவர். மருமகன்கள் இரண்டு பேரையும் நம்பாமல், மகள்கள் இரண்டு பேர் பெயரிலும் எழுதிவைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். மூத்தவளைக் கட்டிய சகலை மேலே சுக்கான் பிடிக்கிறார். இளையவளைக் கட்டிய நான் கீழே இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறேன். அவருக்குக் காற்றும், "கேப்டன்" என்று பயணிகள் வைக்கிற சலாமும். எனக்கு டீசல் வாசனையும் காதடைப்பும். இந்தத் துறையிலிருந்து அக்கரை, அக்கரையிலிருந்து இந்தத் துறை, பொழுது சாயும்வரை இதே ஓட்டம்தான். பின்பக்கம், ஆட்கள் ஏறுகிற வழியில், பலகைப் பெட்டி மேல் உட்கார்ந்து என் மனைவி டிக்கெட் கொடுப்பாள்.

எனக்குச் சந்தேக புத்தி என்று வீட்டில் பெயர். இருக்கட்டும். இன்ஜின் பார்க்கிறவனுக்குச் சந்தேகம்தான் சோறு போடுகிறது. சத்தம் மாறினால் சந்தேகப்படவேண்டும். மாறாமலே இருந்தால் இன்னும் கொஞ்சம் சந்தேகப்படவேண்டும். அதே கண்ணோடு மனிதர்களைப் பார்த்தால் மட்டும் எல்லோருக்கும் கோபம் வந்துவிடுகிறது.

புது மீட்டர் லட்சணமாகத்தான் இருந்தது. கறுப்பு முகம், வெள்ளை எண்கள், சிவப்பு முள், சுற்றிலும் பளபள வளையம். எங்கள் இன்ஜினைச் செய்த கம்பெனி இந்த மாதிரிச் சாமான்களையெல்லாம் எப்போதோ கைகழுவிவிட்டது. இது வேறு யாரோ எல்லா இன்ஜினுக்கும் பொதுவில் செய்து விற்கிற மீட்டர். ஒயர்மேனைக் கூப்பிட்டுப் பழைய ஒயரிலேயே மாட்டச் சொல்லியிருக்கிறார் சகலை. மாட்டியாயிற்று. சாவியைத் திருப்பினார். இன்ஜின் இன்னும் கிளம்பவேயில்லை, முள் விறுவிறுவென்று ஏறிக் கடைசி எண்ணில் போய் முட்டிக்கொண்டு நின்றது. நான் கீழே இன்ஜினைக் கிளப்பினேன். முள் இறங்கியது. வேகம் கொடுக்கக் கொடுக்க இன்னும் இறங்கியது.

"என்ன சகல இது? நின்னா ஃபுல்லு, ஓடுனா காலி!" என்று மேலிருந்து கத்தினார். "இன்ஜின என்ன பண்ண?"

பார்த்தீர்களா? மீட்டர் வாங்கியது அவர், மாட்டியது அவருடைய ஆள், கேள்வி என்னிடம்.

"இன்ஜினுக்கு ஒண்ணுமில்ல. நீங்க வாங்கிட்டு வந்ததுதான் தலைகீழா இருக்கு."

"எல்லா இன்ஜினுக்கும் சேரும்னுதான் கடைக்காரன் சொன்னான்."

"அவன் எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்லுவான்."

நானே உட்கார்ந்து பார்த்தேன். இன்ஜினின் பக்கவாட்டில், எண்ணெய் ஓடுகிற வழியில், கட்டைவிரல் பருமனில் பித்தளையில் ஒன்று திருகியிருக்கும். அதுதான் சென்சார். எண்ணெயின் அழுத்தத்துக்குத் தகுந்தபடி அது ஒயரில் வருகிற கரண்டுக்குத் தடை போடும். அந்தத் தடையை வைத்து மேலே முள் ஏறும், இறங்கும். ஆனால் எல்லா சென்சாரும் ஒரே பாஷை பேசுவதில்லை. எங்கள் பழைய சென்சார், அழுத்தமே இல்லாதபோது பத்து ஓம் தடை காட்டியது. அழுத்தம் ஏற ஏற நூற்றெண்பது வரைக்கும் போகிற ஜாதி அது. புது மீட்டருக்கு வேண்டியது நேர் எதிர். சும்மா இருக்கும்போது இருநூற்று நாற்பது, முழு அழுத்தத்தில் முப்பத்து மூன்று. இவன் இல்லை என்று சொன்னால் அவன் ஆமாம் என்று கேட்டுக்கொள்கிறான். விஷயம் அவ்வளவுதான்.

கடைக்குப் போய் மீட்டர் பாஷைக்கு ஏற்ற சென்சாரை நானே பொறுக்கி எடுத்து, மல்டிமீட்டர் வைத்து அளந்து பார்த்துத்தான் வாங்கினேன். மரை கொஞ்சம் சின்னது. அதற்கொரு அடாப்டர். திருகும்போது மரையில் வெள்ளை டேப் சுற்றவில்லை. அந்த மரை வழியாகத்தான் சென்சாருக்கு எர்த் கிடைக்கிறது. அதை மூடிவிட்டால் முள் கிறுக்குப் பிடித்து ஆடும். எல்லாம் முடித்து இன்ஜினைக் கிளப்பினால், சூடேறிய பிறகு எண்ணெய் அழுத்தம் மெதுவான ஓட்டத்தில் இரண்டு கிலோ, நல்ல ஓட்டத்தில் நாலு கிலோ. ஆணி அடித்ததுபோல நின்றது முள்.

சகலை எட்டிப் பார்த்துவிட்டு "ம்" என்றார். அந்த ஒரு எழுத்தைத் தாண்டி அவர் வாயிலிருந்து ஒரு பாராட்டு வந்துவிடுமா?

ஒரு வாரம் போலப் போயிருக்கும். நடு ஆற்றில் மேலிருந்து சத்தம். "சகல! ரெண்டுதான் காட்டுது!" எண்ணெய் அழுத்தம் அப்படி விழுந்தால் இன்ஜின் உள்ளே தேய்ந்துபோகிறது என்று அர்த்தம். நான் ஓட்டத்தைக் குறைத்தேன். "இப்ப அடியில போய் ஒட்டிக்கிச்சு!" என்றார். அக்கரையில் கட்டியதும் எண்ணெய் அளவைப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஃபில்டரைப் பார்த்தேன். காதை வைத்துக் கேட்டேன். இன்ஜின் எப்போதும்போல நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல, ஓட்டுங்க" என்றேன்.

"முள்ளு வேற சொல்லுதே சகல."

"முள்ளு கிடக்குது."

அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. என் சகலை கத்தினால் பயமில்லை. வாயை மூடிக்கொண்டால்தான் உள்குத்து இருக்கிறது என்று அர்த்தம். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் துறையில் அவரும் ஒரு சரக்குக்காரரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கரைக்குச் செங்கல், சிமெண்டு ஏற்றுகிற ஆள். பேச்சு முழுக்க நடந்தபோது இரண்டு பேர் கண்ணும் எங்கள் படகின் மேல்தான் இருந்தது. அப்புறம் அந்த ஆள் படகில் ஏறி, முன்னாலிருந்து பின்னால்வரை தளத்தை அடி வைத்து அளந்தார். நான் கீழே வாசலில் தலையை நீட்டி நின்றேன். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார்.

சாயங்காலம் வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "அக்கா வந்திருந்தா. படக வித்துடலாமான்னு பேச்சு ஓடுது."

"நீ என்ன சொன்ன?"

"யோசிக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பா படகுல யாராவது கை வச்சா பாக்கலாம்" என்று மல்லுக்கு நிற்கிறவள் இவள்தான். அவளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"இன்ஜின் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"அதுக்கென்ன, ஒண்ணுமில்ல. நாலு கிலோ நிக்குது."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு தலையணை உறையை எடுத்து, ஏற்கெனவே மடித்திருந்ததை உதறி மறுபடி மடித்தாள். அக்கா வந்து நன்றாக வேப்பிலை அடித்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சரக்குக்காரர் வருகிறார், அக்காவும் தங்கையும் சரி என்றால் அன்றைக்கே கையெழுத்து என்று முடிவாகியிருந்தது. படகு போனால் எனக்கு என்ன மிச்சம்? சரக்குக்காரரிடம் அவருடைய ஆட்கள் இருக்கிறார்கள். சகலை எங்கேயாவது சுக்கான் பிடித்துப் பிழைத்துக்கொள்வார், வாய் இருக்கிறது. நான் அந்த ஒரு இன்ஜினைத்தான் முழுசாக அறிந்தவன். அதன் ஒவ்வொரு நட்டும் என் கையில் சுற்றியது. வேறொருத்தன் அதன் மேல் அழுக்குத்துணியை விசிறிப் போட்டுவிட்டுப் போவதை நினைத்துப் பார்த்தேன். அழுகையே வந்துவிட்டது. வெட்கமாக இருந்தாலும் வந்தது வந்ததுதான்.

அழுகை நின்றதும் மூளை வேலை செய்தது. நாலில் நின்ற முள் இரண்டுக்கு இறங்குகிறது, இறங்கியதும் வாங்குவதற்கு ஒரு ஆள் வந்து நிற்கிறான். இதை என் காதில் பூ சுற்றிக்கொண்டு நான் நம்பவேண்டும்! இன்ஜின் போய்விட்டது என்று காட்டிப் படகைத் தள்ளிவிடப் பார்க்கிறார் சகலை. மேலே மீட்டருக்குப் பின்னால் ஏதோ செய்து வைத்திருக்கிறார். செய்து கொடுத்தவன் ஒயர்மேன்.

அவனைத் துறைக்குப் பக்கத்து டீக்கடையில் பிடித்தேன்.

"போன வாரம் படகுல என்ன வேல பாத்த?"

கையிலிருந்த கிளாஸை ஊதினான். ஆறிப்போன டீயை எதற்கு ஊதவேண்டும்? "பின்னாடி லைட்டு எரியலன்னு கூப்பிட்டாங்க. போட்டேன். அவ்வளவுதாண்ணே."

"யாரு கூப்பிட்டது?"

"வீட்டுலதான்."

"எந்த வீட்டுல?"

மென்று முழுங்கினான். "ரெண்டும் ஒரே வீடுதானேண்ணே" என்று சொல்லி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போகிறபோது சிரித்தானோ என்றுகூட எனக்குத் தோன்றியது. சகலை வீட்டில் வாங்கிக் குடித்த டீ அவன் வாயைக் கட்டியிருக்கிறது என்று முடிவுகட்டினேன்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் படகைக் கழுவுவதற்காக ஓட்டத்தை நிறுத்துவோம். அன்று நேராகச் சகலையிடம் போனேன்.

"நாளைக்குக் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ என்கூட கீழ வாங்க."

"எதுக்கு?"

"இன்ஜின் செத்துடுச்சுன்னு நீங்கதானே ஊர் பூரா சொல்றீங்க. பொணத்த ஒரு தடவ பாத்துட்டுப் போங்க."

முறைத்தார். ஆனால் வந்தார். பட்டறையிலிருந்து ஒயரே இல்லாத மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்தேன். சென்சார் இருக்கிற இடத்தில் அதன் மெல்லிய குழாயைத் திருகினால், எண்ணெயே ஏறி வந்து முள்ளைத் தள்ளும். அதில் கரண்டும் இல்லை, கள்ளத்தனமும் இல்லை. அவர் கண் முன்னாலேயே திருகினேன். இன்ஜினைக் கிளப்பி, சூடேறவிட்டு, ஓட்டத்தைக் கூட்டினேன்.

முள் நாலில் நின்றது.

சகலை குனிந்து நகத்தால் கண்ணாடியைத் தட்டினார். மறுபடி தட்டினார். "நாலுதான் காட்டுது" என்றார். குரலில் இருந்த ஆச்சரியம் நிஜம்போலத்தான் இருந்தது. நடிக்கிறார் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

குழாயைக் கழற்றினேன். சென்சாரைத் தனியாக அளந்தேன். சும்மா இருக்கும்போது இருநூற்று நாற்பது, ஒரு குறையும் இல்லை. அதைத் திருகி ஒயரை மாட்டி இன்ஜினை ஓட்டினோம். மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ரெண்டு, ரெண்டரை."

"அப்ப இன்ஜின் சரி. சென்சாரும் சரி."

"மீட்டரும் சரிதான். நீ மாட்டுன அன்னிக்கு நாலு காட்டுச்சே." சொல்லிவிட்டு என்னைக் கூர்ந்து பார்த்தார். "நடுவுலதான் ஏதோ நடக்குது. கீழ இருக்கிறவன் நீ."

"மேல இருக்கிறது நீங்க."

"நான் என்னத்துக்குய்யா செய்யப்போறேன்?"

"சரக்குக்காரரக் கேட்டா சொல்லுவாரு."

அவர் வாயைத் திறந்தார், எதையோ சொல்ல வந்து மூடிக்கொண்டார். அந்த மூடலைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆள் அகப்பட்டுவிட்டார், இனி ஒரே ஒரு பிடி போதும்.

இன்ஜினை நிறுத்தினேன். "மேல போங்க. மீட்டருக்குப் பின்னாடி சென்சார் ஒயர மட்டும் கழட்டிட்டு, சாவியத் திருப்பி வைங்க" என்றேன். கீழே சென்சாரிலிருந்து ஒயரின் மறுமுனையை நான் கழற்றிக்கொண்டேன். மீட்டரிலிருந்துதான் கரண்டு இந்த ஒயரில் இறங்கி வரும். அங்கே கழற்றிவிட்டால் இங்கே ஒன்றும் இருக்கக்கூடாது.

"கழட்டிட்டேன்!" என்று மேலிருந்து குரல்.

மல்டிமீட்டரை வைத்தேன். பேட்டரியின் முழு வோல்ட்டும் அந்த ஒயரில் நின்றது.

"கழட்டிட்டீங்களா?"

"கழட்டிட்டேன்யா!"

"நிஜமாவா?"

"கையில புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்யா! வந்து பாரு!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல, இரண்டு விரலால் ஒயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பொய் இல்லை. இந்த முனை எதிலும் படவில்லை, அந்த முனையும் எதிலும் படவில்லை, நடுவில் எங்கிருந்தோ கரண்டு வருகிறது. எனக்குக் கையில் மயிர் கூச்செறிந்தது. அவர் முகத்திலும் ரத்தம் இல்லை. ஒருவேளை இவரும் இல்லையோ என்று அப்போதுதான் முதல் தடவையாக எனக்குத் தோன்றியது.

இரண்டு பேரும் தளத்துப் பலகைகளைத் தூக்கினோம். ஒயர்க்கட்டு பலகைக்கு அடியில்தான் ஓடுகிறது. மூன்றாவது பெஞ்சுக்குக் கீழே அது அகப்பட்டது. எங்கள் ஒயரின் தோலைச் சீவி, அதில் ஒரு புதுப் பச்சை ஒயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பின் முனையை மடித்து ஒட்டியிருந்த அழகைப் பார்த்ததும் யார் கை என்று தெரிந்துபோயிற்று. ஒயர்மேன்தான் அப்படி ஒட்டுவான்.

"உங்க ஆளு வேல" என்றேன்.

"நீ செஞ்சதுன்னு இல்ல நான் நெனச்சேன்" என்றார்.

பச்சை ஒயர் பின்பக்கமாகப் போனது. பெஞ்சுகளுக்கு அடியில், சுவரோரம், யார் கண்ணிலும் படாமல் ஒதுங்கி ஒதுங்கிப் போய், ஏறுகிற வழியில் இருக்கும் பலகைப் பெட்டிக்குள் நுழைந்தது. டிக்கெட் கொடுக்கிற இடம். பெட்டியில் பூட்டு தொங்கியது. சாவி யாரிடம் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

என் தலைக்குள் எல்லாம் சட்டென்று ஒன்றுசேர்ந்தது. அக்கா வந்து பேசியது, இவள் யோசிக்கணும் என்றது, இவர் வாயை மூடிக்கொண்டது. நான் சகலையின் சட்டையைப் பிடிக்காத குறை.

"என் பொண்டாட்டியவே எனக்கு எதிரா வேவு பாக்க வச்சிருக்கீங்களா? அடிமடியிலயே கை வச்சுட்டீங்களே!"

"மரியாதையாப் பேசு!"

"உங்களுக்கு என்ன மரியாத?"

துறைப் படிக்கட்டில் பாய்களை அலசிக்கொண்டிருந்த என் மனைவி சத்தம் கேட்டு ஏறி வந்தாள். தூக்கிக் கிடந்த பலகைகளைப் பார்த்தாள். பச்சை ஒயரைப் பார்த்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தாள்.

டிக்கெட் கட்டுகள், குடை, ஒரு தண்ணீர் பாட்டில். அவற்றுக்கு நடுவே ஒரு துண்டுப் பலகையில் திருகி வைத்த மீட்டர். கறுப்பு முகம், வெள்ளை எண்கள், சிவப்பு முள். மேலே இருக்கிறதற்கு உடன்பிறப்பு.

"அத்தான ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். "நான்தான் வாங்குனேன். நான்தான் மாட்டச் சொன்னேன்."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லல."

"பின்ன எதுக்கு?"

"நீங்க சொல்லமாட்டீங்கன்னுதான்."

எனக்குப் புரியவில்லை. புரியாத முகத்தைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது.

"போன மழையில இங்க உக்காந்திருக்கேன், கால் நனையுது. என்னங்க தண்ணின்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னீங்க. என் செருப்பு மிதந்து போகுது, அப்பவும் ஒண்ணுமில்லன்னீங்க. கை வெந்து கட்டுப் போட்டுக்கிட்டு வீட்டுக்கு வர்றீங்க, என்னன்னா ஒண்ணுமில்ல. பழைய மீட்டரு செத்துப்போச்சுன்னு அத்தான் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது சாகுறதுக்கு முன்னாடி என்ன காட்டுச்சுன்னு கேட்டேன், ஒண்ணுமில்ல! டிக்கெட்ட என் கையாலதான குடுக்கிறேன்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கள ஏறுங்க ஏறுங்கன்னு நான்தான ஏத்தி விடுறேன்? நடு ஆத்துல நின்னா அதுங்க என் மூஞ்சியப் பாக்கும், உங்க மூஞ்சிய இல்ல."

"என்னை நம்பலையா நீ?"

"உங்க கைய நம்புறேன். வாயத்தான் நம்பல."

சகலை தொண்டையைச் செருமினார். ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

நான் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தினேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் ஒயரைப் பற்றிப் பேசினேன். ஒரு சென்சார் ஒரு மீட்டருக்குத்தான் ஒழுங்காகப் பதில் சொல்லும். இரண்டு மீட்டரை அதன் தலையில் கட்டினால், இரண்டு பேருடைய கரண்டையும் அது ஒண்டியாகச் சுமக்கவேண்டும். இரண்டு பேருக்கும் அழுத்தத்தைக் குறைத்துத்தான் காட்டும். எல்லாவற்றையும் சொன்னேன்.

சகலை திரும்பினார். "அப்ப சின்னவ பாக்க ஆரம்பிச்ச அன்னைலேர்ந்துதான் கொறைஞ்சுதா?"

"ஆமா."

அவள் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முதல் நாளே ரெண்டுன்னு காட்டுச்சு. மேல அத்தானும் ரெண்டுன்னாரு. நீங்க மட்டும் நாலுன்னு சொன்னீங்க. நான் யார நம்புறது?" என்றாள். பிறகு மெதுவாக, "அக்காகிட்ட வித்துடலாம்னு சொன்னதே நான்தான்" என்றாள்.

நான் சகலையைப் பார்த்தேன்.

"உன்கிட்ட சொல்லவேணாம்னு கேட்டுக்கிச்சு" என்றார். "சொன்னா நீ ஒடைஞ்சுடுவியாம். அதான் வாயத் தொறக்கல. நீ என்னடான்னா சரக்குக்காரங்கிற, வேவுங்கிற."

அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தெரிந்தது. வாய் வரவில்லை. நான் எதிரியைத் தேடிப் பலகை பலகையாகத் தூக்கிக்கொண்டு போனால், அந்த ஒயர் என் வீட்டில் போய் முடிகிறது. சகலை என்னை ஏமாற்றியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"இப்ப நாலு இருக்கு" என்றேன் அவளிடம். "கொழாய் மீட்டர் வச்சுப் பாத்தாச்சு. இன்ஜினுக்கு ஒரு கொறையும் இல்ல."

அவள் அக்கா வீட்டுக்காரரைப் பார்த்தாள். "நீங்க பாத்தீங்களா அத்தான்?"

"பாத்தேம்மா. தட்டிக்கூடப் பாத்தேன்."

அதோடு விடவில்லை. புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏணியில் இறங்கினாள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை எட்டிப் பார்த்து, நாற்றம் தாங்கவில்லை என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவள், இப்போது இன்ஜின் பக்கத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் மறுபடி சென்சாரைக் கழற்றி, குழாயைத் திருகி, இன்ஜினைக் கிளப்பி ஓட்டத்தைக் கூட்டினேன். முள் ஏறி நாலில் நின்றது. ஓட்டத்தைக் குறைக்கச் சொன்னாள், குறைத்தேன். கூட்டச் சொன்னாள், கூட்டினேன். மறுபடியும் நாலு. பரீட்சை எழுதுகிற பையன்போல நின்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. "விக்கிறதுக்கு எனக்கு மனசே இல்லங்க" என்றாள். இன்ஜின் சத்தத்தில் கத்தித்தான் சொன்னாள். மேலே தலையைத் தூக்கி, "அத்தான்! விக்க வேணாம்! அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்!" என்றாள்.

படகு என்னிடமே இருக்கிறது. எனக்கு அப்படியே தரையில் உட்கார்ந்துவிடலாம்போல இருந்தது, அவ்வளவு நிம்மதி. அதே நேரம் செருப்பால் அடித்ததுபோலவும் இருந்தது.

இரண்டு மீட்டருக்கும் சரியாகப் பதில் சொல்கிற சென்சார் தனியாக விற்கிறார்கள். கடையில் சொல்லிவைத்தேன், வருவதற்குக் கொஞ்ச நாள் ஆகுமாம். அதுவரைக்கும் ஒரு மீட்டரைத்தான் வைத்துக்கொள்ள முடியும். நான் குறடை எடுத்துக்கொண்டு மூன்றாவது பெஞ்சுக்குக் கீழே குனிந்தேன். பச்சை ஒயரில் குறடு படுவதற்கு முன்னால் சகலை என் தோளைத் தொட்டார்.

"அத விடு. என்னோடதக் கழட்டு."

"நீங்கதானே ஓட்டுறீங்க?"

"ஆத்தப் பாக்கவே எனக்கு நேரம் சரியா இருக்கு. முள்ள சின்னவ பாத்துச் சொல்லட்டும். அவ சொன்னா எனக்கு நம்பிக்க."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். முகத்தில் கிண்டல் இல்லை. அவள் வேண்டாம் என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பெட்டிக்குள் டிக்கெட் கட்டுகளை ஓரமாக ஒதுக்கி, மீட்டர் நன்றாகத் தெரிகிறமாதிரி பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தாள். மேலே போய்ச் சகலையின் மீட்டரைக் கழற்றினேன்.

திங்கட்கிழமை முதல் ஓட்டம். காலைக் குளிரில் எண்ணெய் கெட்டியாக இருக்கும், மெதுவான ஓட்டத்திலேயே முள் நாலுக்குப் போய்விடும். இன்ஜினைக் கிளப்பிவிட்டு, கையில் அழுக்குத்துணியோடு கீழ்வாசலில் வந்து நின்றேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஆஸ்பத்திரி நர்ஸுகள், காய்கறிக்கூடைகள் எல்லாம் ஏறியாயிற்று. கயிற்றை அவிழ்க்கிற நேரம். இத்தனை வருடமும் இந்த இடத்தில் சகலை கீழே குனிந்து "போலாமா சகல?" என்று கேட்பார், நான் "போலாம்" என்பேன், படகு நகரும். நான் வாயைத் திறந்து வைத்திருந்தேன்.

அவர் குனியவில்லை. தலைகளுக்கு மேலே பின்பக்கம் திரும்பி, "ஏம்மா, எவ்வளவு?" என்று குரல் கொடுத்தார்.

"நாலு, அத்தான்!" என்றாள் என் மனைவி.

படகு நகர்ந்தது. கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.